சாணி போட்ட செடி ஏன் மஞ்சளாகிறது? வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கு ஓர் ஆரம்பப் பாடம்

தருமபுரியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இப்போது வீட்டு மாடிகளில் செடிப் பைகள் வரிசையாகத் தெரிகின்றன. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் அப்படித்தான். கத்தரி, தக்காளி, மிளகாய், ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை. கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றே: "எல்லாம் இயற்கைதாங்க, மருந்தே அடிக்கிறதில்லை." மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனால் பாதிப் பைகளில் காய்ந்த குச்சி நிற்கும். "சாணி, கோமியம், மண்புழு உரம் எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. செடி மஞ்சளாவே நின்னுடுச்சு. இதெல்லாம் நம்ம மண்ணுக்கு ஒத்துவராது" என்பார்கள். சிலர் ஒரு பிடி யூரியா போட்டு, ஒரே வாரத்தில் இலை பச்சையானதைப் பார்த்து, அதோடு முடிவு கட்டிவிடுவார்கள்.

எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. மண்ணிலும் முறையிலும் குறை இல்லை. தொட்டியில் போடும் சாணி எந்த வழியாகச் செடிக்குள் போகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ஒரு வழி புரிந்துவிட்டால், எதை எப்போது எவ்வளவு போடுவது என்பதில் பெரும்பகுதி தானாகத் தெளிந்துவிடும். அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

## மருந்து அடிக்காமல் இருந்தால் போதுமா?

நாம் பேச்சில் "இயற்கை விவசாயம்" என்பதை வேளாண் துறையும் பல்கலைக்கழகமும் "அங்கக வேளாண்மை" என்கின்றன. தமிழ்நாடு அரசு 2023-இல் வெளியிட்ட கொள்கைக்கும் அந்தப் பெயர்தான். அங்ககப் பொருள் என்றால் உயிருள்ள ஒன்றிலிருந்து வந்த பொருள்: இலை, சாணி, எலும்பு, புண்ணாக்கு, காய்கறித் தோல்.

இதில் முதல் குழப்பம் ஒன்று உண்டு. "சாணியில் இருக்கிற சத்து வேறு, யூரியாவில் இருக்கிற சத்து வேறு" என்று பலர் நம்புகிறார்கள். வேரைப் பொறுத்தவரை அப்படி இல்லை. செடி மக்கிய பொருளையே உறிஞ்சி வளர்கிறது என்ற பழைய கருத்தை ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் 1840-இல் மறுத்தார். செடி எடுத்துக்கொள்வது நீரில் கரைந்த கனிம உப்புகளை. தழைச்சத்து எனப்படும் நைட்ரஜனைச் செடி பெரும்பாலும் நைட்ரேட், அம்மோனியம் என்ற இரண்டு உப்பு வடிவங்களில்தான் எடுக்கிறது. அந்த நைட்ரேட் சாணியிலிருந்து வந்ததா, மூட்டையிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. இயற்கை முறையை விரும்பும் நண்பர்கள் சிலருக்கு இது கசக்கும். ஆனால் உண்மை இதுதான், இதை ஏற்றுக்கொண்டுதான் மேலே போக முடியும்.

அப்படியென்றால் சாணிக்கும் யூரியாவுக்கும் என்னதான் வித்தியாசம்? வந்து சேரும் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதையில் யாரெல்லாம் சாப்பிடுகிறார்கள், அவர்கள் மண்ணுக்கு என்ன செய்துவிட்டுப் போகிறார்கள் என்பதில் இருக்கிறது.

## "இது இன்னும் வேகல கண்ணு"

முதன்முதலில் கத்தரி போட்ட வருடம், பக்கத்து வீட்டு ஆயாவிடம் ஒரு கூடை சாணி கேட்டு வாங்கினேன். இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். எதற்கு என்று கேட்டார். தொட்டிக்கு என்றேன். கொட்டகைக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழிக்குக் கூட்டிப் போய், மேலாகக் கிடந்ததை ஒதுக்கி, முழங்கை வரை கையை உள்ளே விட்டார். "தொட்டுப் பாரு" என்றார். உள்ளே வெதுவெதுவென்று சூடாக இருந்தது. "இது இன்னும் வேகல கண்ணு. சூடு ஆறி, நாத்தம் போனப்புறம் வா."

நம் பக்கத்துக் கிராமங்களில் மாட்டு எருவுக்கே "குப்பை" என்று பெயர். காட்டுக்குக் குப்பை அடிப்பது என்றால் எரு கொண்டுபோய்க் கொட்டுவது. அந்தக் குப்பையைப் பற்றி ஆயா சொன்ன "வேகல" என்ற சொல் இருக்கிறதே, இந்த விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இன்று வரை பார்த்ததில்லை.

அரிசியை அப்படியே தின்ன முடியாது, சோறாக்க வேண்டும். சாணியும் இலையும் செடிக்கு அரிசி மாதிரி. அவற்றில் நைட்ரஜன் இருக்கிறது, ஆனால் புரதம் போன்ற பெரிய பெரிய மூலக்கூறுகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதைச் சமைப்பவர்கள் நுண்ணுயிர்கள். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் சேர்த்து இப்படிச் சொல்கிறோம். ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் இவை கோடிக்கணக்கில் இருக்கும். தங்கள் பசிக்காக அவை சாணியைத் தின்கின்றன. தின்று மிஞ்சிய நைட்ரஜனை அம்மோனியமாக வெளியே விடுகின்றன. வேறொரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அங்ககப் பொருளுக்குள் பூட்டிக் கிடந்த சத்து, செடி எடுக்கக்கூடிய உப்பாக மாறும் இந்த வேலைக்குக் கனிமமாதல் என்று பெயர்.

யூரியாவையும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான் மாற்றித் தருகின்றன. ஆனால் அது கிட்டத்தட்ட வெந்த சோறு. சில நாளில் தயாராகிவிடும். அதனால்தான் ஒரே வாரத்தில் இலை பச்சையாகிறது. சாணி மெதுவாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வேகிறது. அந்த வேலையின் நடுவில் நுண்ணுயிர்கள் ஒருவிதப் பசையை விடுகின்றன. அது மண் துகள்களை ஒட்டிச் சிறு சிறு உருண்டைகளாக்குகிறது. உருண்டைகளுக்கு நடுவே காற்றும் தண்ணீரும் தங்கும். கடைசியில் எளிதில் சிதையாத கறுப்புப் பொருள் மிஞ்சும், அதை மட்கு என்பார்கள். மழை பெய்தால் வழிந்தோடி, வெயில் அடித்தால் கல்லாக இறுகும் நம் செம்மண்ணுக்கு இந்த மட்குதான் உயிர். யூரியா இதைத் தராது.

ஆக, இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது: நாம் உரம் போடுவது செடிக்கு இல்லை, மண்ணில் உள்ள சமையல்காரர்களுக்கு. அவர்கள் சாப்பிட்டு முடித்து மிஞ்சுவதுதான் செடிக்குப் போகிறது. மிஞ்சவில்லை என்றால்?

## களி அதிகம், குழம்பு குறைவு

மஞ்சள் இலைக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

நுண்ணுயிருக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, உழைக்கச் சக்தி தரும் கரி, அதாவது கார்பன். காய்ந்த இலை, வைக்கோல், மரத்தூள், தென்னை நார்க்கழிவு எல்லாம் பெரும்பாலும் கரிதான். இரண்டாவது, உடம்பு கட்டுவதற்கான தழைச்சத்து. பச்சை இலை, சாணி, காய்கறிக் கழிவு, புண்ணாக்கில் இது அதிகம்.

நம் வீட்டுச் சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் களி வயிற்றை நிரப்பும், தெம்பு தரும். ஆனால் குழம்போ கீரையோ இல்லாமல் களி உருண்டையை மட்டும் தட்டில் வைத்தால் எப்படி இறங்கும்? பக்கத்துத் தட்டில் இருக்கிற குழம்பை எட்டி எடுக்கத்தான் தோன்றும். கரி அதிகமான பொருளை மண்ணில் போட்டால் நுண்ணுயிர்கள் அதையே செய்கின்றன. களி கொட்டிக் கிடக்கிறது, குழம்பு இல்லை. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் அள்ளித் தின்று பெருகுகின்றன. வேரால் அவற்றோடு போட்டி போட முடியாது. செடி பட்டினி கிடக்கும், இலை மஞ்சளாகும்.

ஒரு பொருளில் தழைச்சத்து ஒரு பங்கு இருந்தால் கரி எத்தனை பங்கு என்பதைக் கரி–தழை விகிதம் என்கிறோம். காய்கறிக் கழிவுக்கு இது சுமார் 15 முதல் 20. மாட்டுச் சாணிக்கு 20-ஐ ஒட்டி வரும். வைக்கோலுக்கு 60 முதல் 80. பதப்படுத்தாத தென்னை நார்க்கழிவுக்கு 100-க்கு மேல். மரத்தூளுக்குச் சில நூறு. 25-இலிருந்து 30 வரை இருந்தால் நுண்ணுயிர்களுக்குக் களியும் குழம்பும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேலே போகப் போக அவை மண்ணிலிருந்து கடன் வாங்கும். கீழே இறங்க இறங்க, மிஞ்சும் தழைச்சத்தை வெளியே விடும்.

அந்த முதல் வருடம் எனக்கு நடந்தது இதுதான். ஆயா சொன்னதைக் கேட்டுச் சாணிக்குக் காத்திருந்தேன், சரி. ஆனால் அதுவரை பை நிரம்ப வேண்டுமே என்று, ஒரு கடையில் வாங்கிய நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பாதிக்கு மேல் அதையே போட்டுக் கத்தரி நட்டேன். அது மக்க வைக்காத நார்க்கழிவு என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் அடி இலைகள் மங்கி, வெளிர் மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தன. சத்துப் பற்றவில்லை என்று நினைத்து மேலே இன்னும் காய்ந்த இலையைக் கிளறிவிட்டேன். பட்டினி கிடந்த செடிக்கு முன்னால் இன்னும் பத்துப் பேரை உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது செடியில் ஏழு போயின.

காய்ந்த இலையும் நார்க்கழிவும் கெட்டவை இல்லை, இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்ணுக்கு மேலே மூடாக்காகப் பரப்பினால் ஒரு தொல்லையும் இல்லை, ஈரத்தைக் காக்கும். மண்ணோடு கலந்து கிளறும்போதுதான் இந்தப் போட்டி வருகிறது. நார்க்கழிவை மக்க வைத்ததாக வாங்குங்கள். இல்லையென்றால் நன்றாக அலசி, பையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## குப்பையை வேக வைப்பது

போட்டியைப் பையின் வெளியே, செடி இல்லாத இடத்தில் நடத்தி முடித்துவிட்டு, வெந்ததை மட்டும் உள்ளே கொண்டுவருவதுதான் மக்க வைத்தல். கிராமத்து எருக்குழி செய்வதும் அதையே. ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் வேலை பார்த்த காலத்தில், இந்திய உழவர்களின் பழக்கங்களைக் கவனித்து, காய்ந்தது, பச்சை, சாணி என அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைக்கும் ஒரு வழிமுறையை உருவாக்கினார். இன்றும் அதற்கு இந்தூர் முறை என்றுதான் பெயர். உலகம் முழுக்கப் பரவிய அங்கக வேளாண்மை நம் நாட்டுக் குப்பைமேட்டிலிருந்தும் பாடம் கற்றிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

வீட்டில் செய்ய ஒரு பழைய பெயிண்ட் வாளி போதும். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போடுங்கள். அடியில் ஒரு சாண் உயரம் காய்ந்த இலை. அதன் மேல் அன்றைய காய்கறித் தோல், காப்பித்தூள், வாழைப்பழத் தோல். ஒவ்வொரு முறையும் கழிவைப் போல இரண்டு மூன்று மடங்கு அளவு காய்ந்த இலையால் மூடிவிடுங்கள். எடைக் கணக்கு வேண்டாம், கை அளவே போதும். ஒரு கைப்பிடி பழைய எருவோ தோட்டத்து மண்ணோ தூவினால் நுண்ணுயிர் உள்ளே வந்துவிடும். சமைத்த சாதம், எண்ணெய், மீன், கறி வேண்டாம், எலி வரும்.

எந்த இலை என்பதும் முக்கியம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாவிலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது தடிப்பான தோல் கொண்டது, மக்க ரொம்ப நாள் எடுக்கும். நொறுக்கிப் போடுங்கள். புங்க இலை கிடைத்தால் விடாதீர்கள். தழைச்சத்து நிறைந்தது, சீக்கிரம் மக்கும். பட்டுப்பூச்சி வளர்க்கும் உறவினர் யாராவது இருந்தால், புழு தின்று மீந்த மல்பெரி இலையும் எச்சமும் கேட்டு வாங்குங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பட்டு வளர்ப்பு நிறைய இருப்பதால் இது நமக்குக் கிடைத்த ஒரு வசதி.

ஈரம் எவ்வளவு? ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டுச் சொட்டாக வழியக் கூடாது. நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. காய்ந்த இலை சேர்த்துக் கிளறிவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் தயாராகும். மார்கழியில் ஓசூரில் இட்லி மாவு பொங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மாவில் வேலை செய்வதும் நுண்ணுயிர், வாளியில் வேலை செய்வதும் நுண்ணுயிர். குளிரில் இரண்டும் சோம்பிவிடும். கொஞ்சம் கூடுதல் நாள் கொடுங்கள்.

வெந்துவிட்டதா என்று பார்க்க ஆயாவின் சோதனையே போதும்: சூடு ஆறியிருக்க வேண்டும், சாணி வாடை போய் முதல் மழை விழுந்த மண் வாசம் வர வேண்டும், எது இலை எது தோல் என்று அடையாளம் தெரியாமல் கறுப்பாக உதிர வேண்டும். அளவு பாதிக்கும் கீழே குறைந்திருக்கும். யாரும் திருடவில்லை. தின்ற கரியில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் மூச்சாக, கரியமில வாயுவாக வெளியே விட்டுவிட்டன. கரி குறைந்ததால் கரி–தழை விகிதமும் இறங்கிவிட்டது. இப்போது அது செடிக்குக் கொடுக்கும், பிடுங்காது.

ஒரு சின்ன விஷயம். பெரிய குவியலின் நடுவில் சூடு 55 முதல் 65 டிகிரி வரை ஏறும், அதில் களை விதைகள் செத்துவிடும். சின்ன வாளி அவ்வளவு சூடாகாது. அதனால்தான் வாளி உரம் போட்ட பையில் கேட்காமலே தக்காளி முளைக்கிறது.

## உறைமோர் மட்டும் வைத்துத் தயிர் தோய்க்க முடியுமா?

சாணி, கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்யும் பஞ்சகவ்யம், சாணிக் கரைசலான ஜீவாமிர்தம் பற்றி எல்லா இடத்திலும் பேச்சு. பஞ்சகவ்யத்தைப் பயிருக்குப் பயன்படுத்துவதைப் பரவலாக்கியவர் கொடுமுடி மருத்துவர் நடராஜன். ஜீவாமிர்தத்தைப் பரப்பியவர் மகாராஷ்டிரத்தின் சுபாஷ் பாலேக்கர். 10 கிலோ சாணி, 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண், 200 லிட்டர் தண்ணீர் என்பது ஜீவாமிர்தத்தின் கணக்கு.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெல்லமும் பயறு மாவும் நுண்ணுயிர் பெருகுவதற்கான தீனி. அதாவது இது முக்கியமாக நுண்ணுயிரை வளர்க்கும் கரைசல். சத்து இருக்கிறது, ஆனால் 200 லிட்டரில் கரைந்த அந்தச் சத்து மிகக் கொஞ்சம். உறைமோர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் பால் இருந்தால் ஒரு கரண்டி உறை அதைத் தயிராக்கும். பால் இல்லாத பாத்திரத்தில் தினமும் உறை ஊற்றினால் என்ன தோயும்? பையில் மக்கிய எரு இல்லாமல் வாரம் தவறாமல் கரைசல் மட்டும் ஊற்றிவிட்டு, செடி வளரவில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் பால். அப்புறம் உறை.

## எவ்வளவு போடுவது

நன்கு மக்கிய மாட்டு எருவில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். யூரியாவில் 46 சதவீதம். அப்படியென்றால் 100 கிலோ எருவில் இருக்கும் தழைச்சத்து ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான யூரியாவில் இருப்பதுதான். அதிலும் ஒரு பகுதிதான் முதல் பருவத்தில் வெளிவரும். இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். எருவின் வேலை தழைச்சத்தோடு முடிவதில்லை என்று மேலே பார்த்தோம். ஆனால் "ஒரு பிடி போட்டேனே" என்பது ஏன் போதவில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

12 அங்குலப் பைக்கு நான் கலப்பது: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மக்கிய நார்க்கழிவு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நனைத்தால் ஒரு பை 20 கிலோவைத் தாண்டும் என்பதால் மாடியின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக வையுங்கள். நட்ட பிறகு 15 நாளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி எருவோ மண்புழு உரமோ. காய் பிடிக்கும் நேரத்தில் கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 7 சதவீதம், எருவைவிடப் பல மடங்கு. வேகமாக வேலை செய்யும், அதனால் கை தாராளம் கூடாது. தழைச்சத்து மிஞ்சினால் செடி மதமதவென்று வளரும், பூக்காது, தளிரில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி வந்து உட்காரும். கோழி எரு இன்னும் வீரியம், மக்காமல் போட்டால் வேர் கருகிவிடும்.

## நம்ம ஊர் போர் தண்ணீர்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணமும் கொண்டது. வாளியின் உட்பக்கம் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறோம். அதே தண்ணீரை மாதக்கணக்கில் சின்னப் பையில் ஊற்றினால் மண் மெல்ல மெல்லக் காரத்தன்மை அடைகிறது, அதாவது அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்குக் கரைந்து வராது. அப்போதும் இலை மஞ்சளாகும்.

இந்த மஞ்சள் வேறு, முன்பு சொன்ன மஞ்சள் வேறு. கண்டுபிடிப்பது சுலபம். தழைச்சத்து செடிக்குள் இடம் மாறும் சத்து. பற்றாக்குறை வந்தால் செடி கிழ இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுக்கும். அதனால் அடி இலை முதலில் மஞ்சளாகும், இலை முழுவதும் ஒரே சீராக. இரும்பு அப்படி எளிதில் இடம் மாறாது. அதனால் நுனித் தளிர் முதலில் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். எரு போடும் முன் எந்த இலை என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். தளிர் வெளுத்திருந்தால் எருவைவிடத் தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும். மழைநீரைப் பிடித்து வைத்து அவ்வப்போது பை முழுக்க நனைந்து அடியில் வழியும்படி ஊற்றினால் சேர்ந்த உப்பு கழுவிப் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில், அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்துவைத்து ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை மட்டும் அப்படியே செடிக்கு ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

## பூச்சிக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்கையிலிருந்து வந்தது எல்லாம் பாதுகாப்பானது என்பது ஆபத்தான நம்பிக்கை. புகையிலையை ஊறவைத்துத் தெளிக்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. அதிலுள்ள நிக்கோட்டின் மனிதருக்கும் கடுமையான விஷம். பிள்ளைகள் பறித்துத் தின்னும் செடியில் அது வேண்டவே வேண்டாம்.

வேப்பெண்ணெயைப் பொறுத்தவரை எதிர்பார்ப்புதான் தவறாக இருக்கிறது. வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சியை அடித்த உடனே கொல்வதில்லை. தின்னவிடாமல் செய்யும், புழு தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும். மறுநாள் காலையில் பூச்சி அங்கேயே இருக்கிறதே என்று கைவிட்டால் மருந்தின் தவறில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குச் சில துளி சோப்புக் கரைசல். வெயிலில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, மூன்று நான்கு தடவை. அசுவினிக் கூட்டத்தின் நடுவில் சிவப்புப் பொறிவண்டு உட்கார்ந்திருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள், அது தின்று தீர்க்கும்.

## முதல் பையில் என்ன போடலாம்

தக்காளியில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் லாரி லாரியாக விளைகிறதே என்று தோன்றும். அதன் பின்னால் எவ்வளவு கவனிப்பு இருக்கிறது என்று விளைவிப்பவர்களைக் கேட்டால் தெரியும். முதலில் கீரை. முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் கைக்கு வந்துவிடும், மண் சரியாக இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடும். அடுத்து தட்டப்பயறு, அவரை. அதற்கு அப்புறம் கத்தரி, மிளகாய். ஆடிப்பட்டத்தில் தொடங்குவது நல்லது, மழைத் தண்ணீரும் கிடைக்கும். சந்தேகம் வந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் காவேரிப்பட்டணம் அருகே பையூர் ஆராய்ச்சி நிலையமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

தட்டப்பயறைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கேழ்வரகுக் காட்டில் நடுநடுவே அவரைச் சால் விடுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். பயறு வகைச் செடிகளின் வேரில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியேறி, காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. பதிலுக்குச் செடி அதற்கு இனிப்பைக் கொடுக்கிறது. மாடிப் பையில் இந்தப் பாக்டீரியா இல்லாமல் போகலாம். அதனால் பயறு விளைந்த காட்டிலிருந்து ஒரு கைப்பிடி மண் கொண்டுவந்து விதைக்கும் குழியில் போடுங்கள்.

விதைத்து ஒரு மாதம் ஆனதும் நெருக்கமாக நிற்கும் செடிகளில் ஒன்றைத் தண்ணீர் விட்டு மெதுவாகப் பிடுங்கி, வேரை வாளியில் அலசிப் பாருங்கள். வேரில் கடுகு அளவில், மிளகு அளவில் முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்துகொண்டிருக்கிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள்தான் அந்த நிறத்தைத் தருகிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது. காய் பறித்து ஓய்ந்த பிறகு மற்றச் செடிகளைப் பிடுங்காதீர்கள். தண்டை மண்மட்டத்தில் அறுத்துவிட்டு வேரை உள்ளேயே விடுங்கள். அதை நுண்ணுயிர்கள் தின்று முடிக்க ஒரு மாதம் கொடுத்து, அதே பையில் கத்தரி நாற்றை வையுங்கள்.